தெற்கு பிராங்க்ஸ், ஜூலை 2015: ஒரு நோய்க்கொத்து கணக்கில் சிக்கிய விதம்

நியூயார்க் நகர சுகாதாரத் துறையில் தினமும் ஒரு கணக்கு ஓடும். ஆய்வகங்களும் மருத்துவர்களும் சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் 35 நோய்களுக்கு, அன்றைக்கு வரை வந்து சேர்ந்த பதிவுகளை எடுத்துக்கொண்டு, நகரத்தின் எந்த மூலையிலாவது வழக்கத்துக்கு மாறாக நோயாளிகள் சேர்கிறார்களா என்று கணினி பார்க்கும். 2014 பிப்ரவரியில் தொடங்கிய ஏற்பாடு இது. 2015 ஜூலை 17, வெள்ளிக்கிழமை, அந்தக் கணக்கு, லீஜனேர்ஸ் என்ற கடுமையான நிமோனியா நோய்க்காக, நகரத்தின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியைச் சுட்டிக்காட்டியது.

எண்ணிக்கை கூடுகிறதே என்று துறையின் ஊழியர்கள் தாங்களாகக் கவனித்தது அதற்கு 3 நாள் கழித்து. 'எங்களிடம் அதிகம் பேர் வருகிறார்கள்' என்று சிகிச்சை தரும் தரப்பிலிருந்து தகவல் வந்தது 4 நாள் கழித்து. பரவல் அடங்கியபோது 138 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 16 பேர் இறந்திருந்தார்கள். அமெரிக்காவில் இந்த நோய் ஏற்படுத்திய மிகப் பெரிய சமூகப் பரவல்களில் அதுவும் ஒன்று.

இந்த நிகழ்வை இரண்டு காரணங்களுக்காக விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். புவியியல் கொத்துகளைத் தேடும் புள்ளியியல் முறை ஒன்று, பாடப்புத்தகத்தில் அல்லாமல் நிஜ நகரத்தில், நிஜ நாட்களில் வேலை செய்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. இன்னொன்று, அதே முறை எதைப் பார்க்காது என்பதும் இதே பிராங்க்ஸில்தான் நன்றாகத் தெரிகிறது. முதல் காரணத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவதைப் பற்றிப் பேசியது போதாது.

நோயும் ஊரும்

லீஜனேர்ஸ் நோயை உண்டாக்கும் லீஜியோனெல்லா, தண்ணீரில் வாழும் பாக்டீரியா. வெதுவெதுப்பான, தேங்கிய, சுத்தம் செய்யப்படாத நீரில் நன்றாகப் பெருகும். அந்த நீர் மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் கலந்து, ஒருவர் அதைச் சுவாசித்தால், நிமோனியா வரலாம். வழக்கமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்குப் பிறகு 34 பேர் இறந்தார்கள். அப்போதுதான் உலகம் இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டது.

பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் இருக்கும் கூலிங் டவர்கள் இந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். ஏசி இயந்திரங்கள் வெளியேற்றும் வெப்பத்தைச் சுமந்துவரும் தண்ணீரை மேலிருந்து கொட்டி, விசிறியால் காற்றடித்துக் குளிரவைப்பதுதான் அவற்றின் வேலை. நீர் வெதுவெதுப்பாக இருக்கும், காற்றில் துளியாகவும் பறக்கும். சரியாக மருந்து போட்டுப் பராமரிக்காவிட்டால், கீழே தெருவில் நடப்பவரும் எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்திருப்பவரும் அதைச் சுவாசிப்பார்கள்.

கண்காணிப்புக் கணக்கின் பார்வையில் இது சிக்கலான நோய். கிருமி உடலுக்குள் போய் நோய் வெளிப்பட 2 முதல் 10 நாள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அப்புறம் காய்ச்சல் முற்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வெறும் நிமோனியா என்று விட்டுவிடாமல் யாராவது இந்தக் கிருமியைக் கண்டறியும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுத வேண்டும். முடிவு சுகாதாரத் துறைக்கு வர வேண்டும். ஒரே டவரால் நோயுற்ற பத்துப் பேர் வெவ்வேறு நாளில், வெவ்வேறு மருத்துவமனையில், வெவ்வேறு மருத்துவரிடம் இருப்பார்கள். ஒவ்வொரு மருத்துவருக்கும் தெரிவது ஒன்றிரண்டு பேர்தான்.

நகரம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில நூறு பதிவுகள்தான் வரும், அதிலும் கோடையில் இயல்பாகவே கூடும். அதனால் 'ஜூலையில் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது' என்பது யாரையும் பதற்றப்பட வைக்காது. பிராங்க்ஸில் அதிகமாக இருக்கிறது என்பதும் அப்படித்தான். 2002 முதல் 2009 வரை நகரத்தில் இந்த நோயின் வீதம் 230% உயர்ந்திருந்தது. ஏழ்மை மிகுந்த பகுதிகளில்தான் வீதம் மிக அதிகம் என்பதும் 2015க்கு முன்பே துறைக்குத் தெரிந்த விஷயம். கோடை, ஏழைப் பகுதி என்று இரண்டு 'வழக்கங்கள்' சேரும் இடத்தில் புதிதாக ஒன்று தொடங்கினால் அதை எப்படிப் பிரித்து அறிவது?

தற்செயலும் கொத்தாகத்தான் விழும்

ஒரு கைப்பிடி அரிசியைத் தரையில் வீசிப் பாருங்கள். சீராகப் பரவாது. இங்கே நாலு சேர்ந்து கிடக்கும், அங்கே வெறுமையாக இருக்கும். யாரும் அடுக்கவில்லை, தற்செயலின் இயல்பே அது. நோய் வரைபடத்திலும் இப்படித்தான். புள்ளிகளை வைத்துவிட்டு, நெருக்கமான இடத்தைப் பார்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, 'இங்கே இவ்வளவு பேரா!' என்று கேட்டால், விடை எப்போதும் அதிர்ச்சியாகத்தான் வரும். வட்டத்தை நெருக்கமான இடத்தில் போட்டதே நாம்தானே.

இந்தச் சிக்கல் புள்ளியியலாளர்களுக்குப் பழையது. 1960களிலேயே ஜோசப் நௌஸ், ஒரு காலக்கோட்டின் மீது ஒரு சட்டத்தை நகர்த்திக்கொண்டே போனால் அதில் அதிகபட்சம் எத்தனை நிகழ்வுகள் விழும், அது தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கைப் போட்டிருந்தார். 1987இல் இங்கிலாந்தில் ஸ்டான் ஓபன்ஷாவும் உடன் உழைத்தவர்களும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க் கொத்துகளைத் தேட, வரைபடம் முழுக்க எண்ணற்ற வட்டங்களைக் கணினியால் போட்டார்கள். முன்முடிவு இல்லாமல் எல்லா இடத்தையும் ஒரே கண்ணால் பார்க்கும் யோசனை அருமையானது. ஆனால் அத்தனை வட்டங்களைச் சோதித்தால் அதில் எத்தனை தற்செயலாகவே சிவக்கும் என்பதற்கு அந்த முறையில் நேரான விடை இல்லை. 1997இல் மார்ட்டின் குல்டார்ஃப் வெளியிட்ட இடஞ்சார் ஸ்கேன் முறை அந்த விடையைத் தந்தது. அதைச் செயல்படுத்தும் சாட்ஸ்கேன் என்ற இலவச மென்பொருளைத்தான் நியூயார்க் பயன்படுத்தியது.

2005இல் குல்டார்ஃப், ஹெஃபர்னன், ஹார்ட்மன், அசுன்சாவ், மொஸ்தஷாரி ஆகியோர் இதன் இன்னொரு வடிவத்தை வெளியிட்டார்கள். தெற்கு பிராங்க்ஸைக் கண்டுபிடித்தது இந்த வடிவம். இதன் சிறப்பு, மக்கள்தொகை எண்ணிக்கையே தேவையில்லை என்பது. நோயாளிகளின் இடமும் நாளும் மட்டும் போதும்.

கணக்கு எப்படி ஓடுகிறது

வரைபடத்தைத் தரையாக விரித்து, காலத்தை அதன் மேல் உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோயாளியும் இந்த வெளியில் ஒரு புள்ளி. இதற்குள் உருளைகளை வைத்துப் பார்க்க வேண்டும். உருளையின் அடிவட்டம் ஒரு பகுதி. அதன் உயரம், இன்றிலிருந்து பின்னோக்கிச் சில நாட்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த நகரத்தின் ஒவ்வொரு சிறு பகுதியையும் மையமாக வைத்து, ஆரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, உயரத்தை 1 நாள், 2 நாள் என்று ஏற்றி, 30 நாள் வரை பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்குக் கடந்த 365 நாள் தரவு. பழைய கொத்துகள் இங்கே முக்கியமல்ல. உருளையின் மேல்முனை 'இன்று' என்பதில் தொட்டிருக்க வேண்டும். இப்போது உயிரோடு இருக்கும் கொத்தைத் தேடுகிறோம்.

ஒவ்வொரு உருளைக்கும் ஒரு கேள்வி: இதற்குள் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எண்களோடு பார்ப்போம். இது நானே எடுத்துக்கொண்ட உதாரணம், பிராங்க்ஸின் உண்மைத் தரவு அல்ல. ஓராண்டில் நகரம் முழுவதும் 240 பதிவுகள். அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் 24, அதாவது பத்தில் ஒரு பங்கு. கடைசி 8 நாளில் நகரம் முழுவதும் 10 பதிவுகள். இடத்துக்கும் நாளுக்கும் தொடர்பே இல்லையென்றால், அந்த 10 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 ஆள், அந்தப் பகுதியில் இருக்க வேண்டும் (24 × 10 ÷ 240). ஆனால் 6 பேர் இருக்கிறார்கள்.

எதிர்பார்ப்பான 1க்குள் என்னென்ன அடங்கிவிட்டன என்று கவனியுங்கள். அந்தப் பகுதியில் ஆண்டு முழுக்க நோய் அதிகம் என்றால், அது 24 என்ற எண்ணிலேயே வந்துவிட்டது. கோடையில் நகரம் முழுக்கக் கூடுகிறது என்றால், அது 10 என்ற எண்ணில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதிவுகள் குறைவாக வந்தாலும், கடைசி இரண்டு நாள் முடிவுகள் இன்னும் வந்து சேரவில்லை என்றாலும், எல்லாப் பகுதிக்கும் அது ஒரே மாதிரி இருக்கும்வரை கவலை இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: இந்த இடத்தில், இந்த நாட்களில், இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் தெரியும் அதிகம்.

அடுத்து, இந்த உருளை எவ்வளவு விசித்திரம் என்று அளக்க வேண்டும். 'இங்கே ஒரு கொத்து இருக்கிறது' என்ற கூற்று தரவோடு எவ்வளவு பொருந்துகிறது, 'எதுவும் இல்லை' என்ற கூற்று எவ்வளவு பொருந்துகிறது என்று இரண்டின் விகிதத்தை எடுப்பார்கள். நம் உதாரணத்தில் அது 6⁶ × (234/239)²³⁴. போட்டுப் பார்த்தால் சுமார் 331. எல்லா உருளைகளுக்கும் இந்த விகிதத்தைப் போட்டு, மிகப் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே அவசரப்படுபவர் இப்படிச் சொல்வார்: 'சராசரி 1 இருக்கும் இடத்தில் 6 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 10,000க்கு 6தான், அதனால் இது நிச்சயம் கொத்து.' ஆனால் நாம் பார்த்தது ஓர் உருளையை அல்ல. ஆயிரக்கணக்கான உருளைகளைப் பார்த்து, அதில் மிக விசித்திரமானதைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம். அத்தனையில் ஒன்று இப்படி இருப்பது தற்செயலிலும் நடக்கும்.

குல்டார்ஃப் முறையின் உயிர்நாடி இதற்கு அது தரும் தீர்வில் இருக்கிறது. நோயாளிகளின் இடங்களை அப்படியே வைத்துவிட்டு, தேதிகளை மட்டும் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பங்கிடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மொத்த எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு நாளுக்கும் மொத்தம் மாறாது. இடத்துக்கும் நாளுக்கும் இடையிலான முடிச்சு மட்டும் அவிழ்ந்துவிடும். இந்தப் போலி நகரத்திலும் எல்லா உருளைகளையும் போட்டு, மிகப் பெரிய விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை 999 முறை செய்தால், 'எதுவும் நடக்காத' 999 நகரங்களில் மிக மோசமாகத் தெரிந்த கொத்து எப்படி இருக்கும் என்று கையில் ஒரு பட்டியல் கிடைக்கும். நிஜ நகரத்தின் எண்ணை அந்தப் பட்டியலில் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். மொத்தம் 1,000இல் அது 2ஆம் இடத்தில் வந்தால், தற்செயலாக இருக்க வாய்ப்பு 2/1,000. நிஜத்தில் நாம் செய்த பொறுக்கலை 999 போலி நகரங்களிலும் அதே விதமாகச் செய்துவிட்டதால், ஒப்பீடு நியாயமானது.

தினமும் ஓடும் கணக்கு என்பதால் இந்த வாய்ப்பைத் தலைகீழாக்கிச் சொல்வது வழக்கம். 2/1,000 என்றால் மறுநிகழ்வு இடைவெளி 500 நாள்: எந்தப் பரவலும் இல்லாத நகரத்தில் இவ்வளவு வலுவான சமிக்ஞை சராசரியாக 500 நாளுக்கு ஒருமுறை தற்செயலாக வரும். நியூயார்க் துறை 100 நாளை எல்லையாக வைத்தது. அதைத் தாண்டினால்தான் ஓர் ஆள் உட்கார்ந்து பார்ப்பார். 100 என்ற எண்ணில் புனிதம் எதுவும் இல்லை. எல்லையைக் கீழே இறக்கினால் சின்னச் சின்ன அசைவுக்கெல்லாம் மணி அடிக்கும், ஊழியர்கள் சலித்துப்போய் மணியையே கவனிக்காமல் விடுவார்கள். மேலே ஏற்றினால் பரவல் பெரிதான பிறகுதான் மணி அடிக்கும். 35 நோய்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் 100 நாள் எல்லையிலேயே தவறான சமிக்ஞைகள் அவ்வப்போது வரத்தான் செய்யும். அவற்றைப் பிரித்துப் பார்க்க ஆட்களும் நேரமும் ஒதுக்கியிருந்தார்கள். மென்பொருள் இலவசம், அந்த ஆட்கள் இலவசம் அல்ல. இந்த முறையை எடுத்துச்செல்ல நினைக்கும் எந்த ஊரும் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

வட்டத்திலிருந்து டவருக்கு

ஜூலை 17 சமிக்ஞை ஒரு பகுதியைக் காட்டியது, அவ்வளவுதான். 'இங்கேதான் கிருமி இருக்கிறது' என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தரவில் இருப்பது நோயாளிகளின் வீட்டு முகவரி. கிருமி அவர்களைப் பிடித்தது வீட்டிலா, வேலைக்குப் போன இடத்திலா, பஸ்ஸுக்கு நின்ற இடத்திலா என்பது தெரியாது. காற்றும் வட்டமாக வீசுவதில்லை. பிரான்சின் பா-து-கலே பகுதியில் 2003–04இல் நடந்த பரவலில் கூலிங் டவரிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள்கூடப் பாதிக்கப்பட்டார்கள். அதனால் வட்டத்தின் நடுப்புள்ளியில் இருக்கும் கட்டடத்தைக் குற்றவாளியாக்குவது பெரும் அநியாயத்தில் போய் முடியலாம்.

இதைத் துறை சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. பின்னால் அவர்கள் வைத்துக்கொண்ட வரையறையைப் பாருங்கள்: ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 3 வரை நோய்ப்பட்டவர்கள், தெற்கு பிராங்க்ஸின் குறிப்பிட்ட சில பகுதிகளில் வசித்தவர்கள் அல்லது அங்கே போய்வந்தவர்கள். 'போய்வந்தவர்கள்' என்பதைக் கணினி தரவில்லை. ஒவ்வொரு நோயாளியையும் அவர் குடும்பத்தையும் கேட்டுப் பெற்றது அது.

அடுத்த வேலை, அந்தப் பகுதியில் கூலிங் டவர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பது. நகரத்திடம் அந்தப் பட்டியலே இல்லை! எந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் டவர் இருக்கிறது, அதை யார் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்ற பதிவேடு 2015 ஜூலையில் நியூயார்க்கில் கிடையாது. ஆகவே கட்டடம் கட்டடமாகத் தேட வேண்டியிருந்தது. கணினி 3 நாள் மிச்சப்படுத்திக் கொடுத்த ஒரு விசாரணை, ஒரு சாதாரணப் பதிவேடு இல்லாததால் நாட்களை இழந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கமாக இருக்கிறது. எவ்வளவு கூர்மையான புள்ளியியலும் இந்த ஓட்டையை அடைக்காது.

55 டவர்களில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். இன்னொரு பக்கம் நோயாளிகளிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுக்க வேண்டும். இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. மருத்துவமனைகள் வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை வேகமானது, சிகிச்சைக்குப் போதும். ஆனால் அதில் கிருமி கையில் கிடைக்காது. டவரின் கிருமியும் ஆளின் கிருமியும் ஒன்றுதானா என்று ஒப்பிட, நுரையீரலிலிருந்து வரும் சளியை எடுத்து வளர்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட 138 பேரில் 26 பேருடைய கிருமியே ஒப்பீட்டுக்கு ஆதாரமாக அமைந்தது.

மரபணுத் துண்டுகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் 2 டவர்கள் அந்த 26 பேரோடு ஒத்துப்போயின. முழு மரபணு வரிசையையும் வாசித்து, நோயாளிகள் எங்கெங்கே இருந்தார்கள் என்ற தகவலையும் சேர்த்த பிறகுதான் ஒரு டவர் உறுதியானது: ஓபரா ஹவுஸ் ஹோட்டலின் மாடியில் இருந்தது. ஆகஸ்ட் 20 அன்று பரவல் முடிந்ததாகவும் மூலம் இதுதான் என்றும் நகரம் அறிவித்தது.

அதற்கு முன்பே, ஆகஸ்ட் 6 அன்று, நகரத்தின் எல்லாக் கூலிங் டவர்களையும் 14 நாளுக்குள் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று சுகாதார ஆணையர் மேரி பாசெட் உத்தரவிட்டார். ஆகஸ்ட் 18இல் மேயர் பில் டி பிளாசியோ கையெழுத்திட்ட சட்டம், டவர்களைப் பதிவு செய்வதையும் தொடர்ந்து பரிசோதிப்பதையும் கட்டாயமாக்கியது. இல்லாத பதிவேடு அப்படித்தான் பிறந்தது.

பாதிக்கப்பட்ட 138 பேர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயது வரிசையில் நடுவில் இருந்தவருக்கு 55 வயது. அவர்களில் 107 பேருக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு நாட்பட்ட நோய் இருந்தது: 43 பேருக்குச் சர்க்கரை நோய், 40 பேருக்கு மதுப்பழக்க நோய், 24 பேருக்கு எச்ஐவி. ஒரே டவரின் துளிகள் உடல் திடமானவர்கள் நிறைந்த ஒரு பணக்காரத் தெருவில் பறந்திருந்தால் இந்த எண்கள் இப்படி இருந்திருக்காது என்பது என் கருத்து.

இந்தக் கணக்கு கேட்காத கேள்வி

இடத்தின் மொத்தத்தையும் நாளின் மொத்தத்தையும் எதிர்பார்ப்புக்குள் அடக்கிவிடுகிறது என்பதை இந்த முறையின் பலமாக மேலே சொன்னேன். அதே இடத்தில்தான் அதன் குருட்டுப் புள்ளியும் இருக்கிறது.

ஒரு பகுதியில் நோய் ஆண்டு முழுக்க, எல்லா ஆண்டும், மற்ற இடங்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருக்கிறது என்று வையுங்கள். இந்தக் கணக்கு அதைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாது. 'அங்கே வழக்கம் அப்படி' என்று ஏற்றுக்கொண்டுவிடும். அது கேட்பது 'எங்கே மாற்றம்?' என்பதை மட்டும். 'எங்கே மோசம்?' என்பது வேறு கேள்வி. அதற்கு மக்கள்தொகையைக் கணக்கில் எடுக்கும் வேறு வடிவம் வேண்டும், அதுவும் சாட்ஸ்கேனிலேயே இருக்கிறது. ஒரு சுகாதாரத் துறை முதல் கேள்வியைத் தினமும் கேட்டு, இரண்டாவதை எப்போதாவது ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக மட்டும் கேட்டால், அதன் கவனம் மெல்ல மெல்லத் திடீர் நிகழ்வுகளின் பக்கமே சாய்ந்துவிடும். தெற்கு பிராங்க்ஸ் இரண்டு கேள்விக்கும் விடையாக இருந்த இடம்.

பின்னால் வந்த மரபணு ஆய்வு இதை இன்னும் அழுத்தமாகக் காட்டியது. நியூயார்க் மாநிலத்தின் வாட்ஸ்வொர்த் ஆய்வக ஆராய்ச்சியாளர்கள் பரவலுக்கு முன்பும், பரவலின்போதும், பின்பும் கிடைத்த கிருமிகளை ஒப்பிட்டு 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துபோன தனி நோயாளிகளின் கிருமியும், 138 பேரைத் தாக்கிய கிருமியும், ஒரே மூதாதையிலிருந்து மெதுவாக மாறிவந்த ஒரே வகை. அது பிராங்க்ஸில் நிலைகொண்டிருந்த கிருமி. கொத்தாகச் சேராமல் தனித்தனியாக வந்ததால் அந்த முந்தைய நோயாளிகளை எந்த உருளையும் பிடிக்கவில்லை. அவர்கள் ஒப்பீட்டுக்கான 'வழக்கம்' என்ற எண்ணில் சேர்ந்துபோனார்கள்.

இதில் இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. டவர்களில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கிருமி என்றால், மரபணு ஒத்துப்போவதால் மட்டும் ஒரு டவரைக் குற்றம் சாட்ட முடியாது. 2 டவர்கள் பொருந்தி நின்றது அதனால்தான். அப்போது 'யார் எங்கே, எப்போது இருந்தார்கள்' என்ற இடக்கணக்குதான் மறுபடி கைகொடுக்க வேண்டும். ஆய்வகம் வந்துவிட்டால் புள்ளியியல் ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தரவிலிருந்தே பொய்க் கொத்துகள் பிறக்கும் வழிகளும் இருக்கின்றன. ஒரு மருத்துவமனை சிறுநீர்ப் பரிசோதனையைப் புதிதாக வழக்கமாக்கினால், அதைச் சுற்றிய பகுதியில் நோய் 'கூடும்'. ஓர் ஆய்வகம் இரண்டு வார முடிவுகளைத் தேக்கிவைத்து ஒரே நாளில் அனுப்பினாலும் அப்படித்தான். கணினிக்கு இரண்டும் ஒன்றே. சமிக்ஞை வந்தவுடன் நோயாளிப் பட்டியலைத் திறந்து, எல்லாரும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தார்களா, நோய் தொடங்கிய நாள் உண்மையில் நெருக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அதற்காகத்தான்.

பரவலுக்குப் பிந்தைய ஆண்டு

பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒப்பீட்டுக்குக் கடந்த 365 நாளை எடுக்கிறோம். பெரிய பரவல் ஒன்று முடிந்தால், அந்த நோயாளிகள் அனைவரும் அடுத்த ஓராண்டுக்கு ஒப்பீட்டுத் தரவுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள்.

பழைய உதாரணத்துக்கே போவோம். ஆண்டுக்கு 240 பேரில் 24 பேர் இருந்த பகுதியில் 138 பேர் கூடுதலாக நோயுற்றார்கள் என்று வையுங்கள். இப்போது பகுதியின் மொத்தம் 162, நகரத்தின் மொத்தம் 378. சில மாதம் கழித்து, மறுபடி ஒரு 8 நாளில் நகரம் முழுக்க 10 பேர், அந்தப் பகுதியில் 6 பேர். எதிர்பார்ப்பு எவ்வளவு? 162 × 10 ÷ 378, அதாவது ஏறத்தாழ 4.3. முன்பு 1 எதிர்பார்த்த இடத்தில் வந்த அதே 6 பேர் இப்போது ஒன்றுமே இல்லை. பரவல் நடந்த இடத்திலேயே அது திரும்பி வந்தால், அதைக் கண்டுபிடிக்கும் திறன் மிகக் குறைவாக இருப்பது சரியாக அந்த ஆண்டில்தான்.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. கிருமி திரும்பி வரும். 2015 செப்டம்பர் கடைசியில், தெற்கு பிராங்க்ஸ் பரவல் முடிந்ததாக அறிவித்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், அதே பிராங்க்ஸின் மோரிஸ் பார்க் பகுதியில் இன்னொரு பரவல் வந்தது. 15 பேருக்கு நோய், ஒருவர் இறந்தார். அங்கே கிருமி இருந்த 15 டவர்களும் ஆகஸ்ட் உத்தரவுப்படி சில வாரங்களுக்கு முன்புதான் கிருமிநீக்கம் செய்யப்பட்டவை. மோரிஸ் பார்க் வேறு பகுதி என்பதால் மேலே சொன்ன மறைப்பு அங்கே அதே அளவுக்கு இருந்திராது. டவர்கள் எவ்வளவு சீக்கிரம் மறுபடி அசுத்தமாகும் என்பதை அது காட்டிவிட்டது. 2025 கோடையில் மத்திய ஹார்லெமில் 114 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தார்கள். அப்போது சட்டமும் பதிவேடும் நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது.

ஆகவே இந்த முறையைத் தினசரிக் கண்காணிப்புக்கு எடுப்பவர்கள், பரவல் முடிந்த கையோடு, அதோடு தொடர்புள்ளவர்கள் என்று உறுதியான நோயாளிகளை ஒப்பீட்டுத் தரவிலிருந்து நீக்கி ஒரு கணக்கும், நீக்காமல் ஒரு கணக்கும் என்று இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்க்க வேண்டும். இடத்தை மட்டும் பார்க்கும், மக்கள்தொகையோடு ஒப்பிடும் கணக்கை மாதம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். 2002–2009 தரவை அப்படி ஓட்டியிருந்தால் வரைபடத்தில் சிவந்திருக்கக்கூடிய ஏழைப் பகுதிகளில்தான் மொட்டைமாடி டவர்களின் பதிவேட்டை முதலில் தொடங்கியிருக்க வேண்டும், 2015க்கு முன்பே.